பழைய வான் வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்: அடிக்கடி வரும் பழுதுகளும் அவற்றின் செலவும்

மீளக்குடியமர்ந்த பின்னர் தொழில் ஒன்றைத் தொடங்க விரும்பும் குடும்பங்களில் பல, பழைய வான் ஒன்றை வாங்கி ஓட எண்ணுகின்றன. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றலாம். வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஹயர் ஓடலாம். ஊரில் பஸ் குறைவாக உள்ள இடங்களில் இது நல்ல தொழிலே.

ஆனால் இதற்குப் போடும் காசு பெரும்பாலும் ஒரு தடவை மட்டுமே கையில் கிடைக்கும் காசு. நகை அடகு வைத்தது, வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பியது, வங்கியில் அல்லது லீசிங்கில் எடுத்த கடன் என்று அது வந்திருக்கும். வான் மூன்றாம் மாதம் கராஜில் நின்றாலும் கடன் தவணை நிற்காது. ஆகவே எந்தப் பழுது சிறியது, எது பெரியது, எதை முன்கூட்டியே தடுக்கலாம் என்று வாங்குபவர் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உதவுவதே இக்கட்டுரை. பழுதைத் திருத்தும் வேலையைப் பழகிய மெக்கானிக்கிடமே விடுங்கள்.

எமது பகுதிகளில் கூடுதலாக ஓடுபவை ரொயோட்டா ஹயேஸ் (டொல்பின் எனப்படுவது), லைற் ஏஸ், ரவுண் ஏஸ், நிசான் வனெற், கரவான், மிற்சுபிசி டெலிக்கா ஆகிய டீசல் வான்கள். இவை எல்லாவற்றிலும் எஞ்சின் முன் ஆசனங்களுக்குக் கீழே இருக்கிறது. எஞ்சினுக்குக் காற்றோட்டம் குறைவு. வேலை செய்ய இடமும் குறைவு. கீழே சொல்லப்படும் பழுதுகள் பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

செலவை எப்படி அளப்பது?

உதிரிப்பாகங்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறும்; வவுனியாவில் ஒரு விலை, கிளிநொச்சியில் இன்னொரு விலை. எனவே இங்கு ரூபாக் கணக்குத் தராமல், வான் உழைக்கும் நாட்களால் செலவை அளக்கிறோம்.

சிறிய செலவு: ஓரிரு நாள் உழைப்புடன் முடிவது.
நடுத்தரச் செலவு: ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை உழைப்பை எடுப்பது.
பெரிய செலவு: ஒரு மாத உழைப்பையோ அதற்கு மேலோ எடுப்பது.

உங்கள் ஊர்க் கராஜில் விலை கேட்டு, இந்த மூன்றில் எதற்குள் வருகிறது என்று நீங்களே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எஞ்சின் சூடேறுதல்

பழைய வான்களை முடக்கும் பழுதுகளில் முதலாவது இது. றேடியேற்றர் அடைத்தல், பான் பெல்ட் தளர்தல், தண்ணீர்ப் பம்ப் ஒழுகுதல், தேர்மோஸ்ரற் இறுகுதல், றேடியேற்றர் மூடியின் இறப்பர் பழுதடைதல் என்பன காரணங்கள். இவை ஒவ்வொன்றும் சிறிய அல்லது நடுத்தரச் செலவுதான். இவற்றைக் கவனிக்காமல் ஓடினால் சிலிண்டர் ஹெட் வளையும் அல்லது வெடிக்கும். அது பெரிய செலவு. லைற் ஏஸ், ரவுண் ஏஸ் வான்களில் வரும் 2 சி எஞ்சினின் ஹெட் அலுமினியத்தாலானது; சூடேறினால் வெடிப்பதில் பேர் பெற்றது.

எமது பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் வன்னியின் பல இடங்களிலும் கிணற்று நீரில் சுண்ணாம்பு கூட. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதே றேடியேற்றரின் குழாய்களுக்குள்ளும் படிகிறது. எனவே கிணற்று நீரை ஊற்ற வேண்டாம். கூலன்ற் திரவத்தை, பற்றறிக்கு விடும் சுத்திகரித்த நீருடனோ சுத்தமாகப் பிடித்த மழை நீருடனோ கலந்து விடுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை:
- காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போதே பார்க்கச் செல்லுங்கள். நீங்கள் போகும் முன்னரே ஸ்ராட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள்.
- ஆறிய நிலையில் றேடியேற்றர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஸ்ராட் செய்து பாருங்கள். தண்ணீரில் குமிழிகள் தொடர்ந்து வந்தால் ஹெட் கஸ்கெற் அல்லது ஹெட் பழுதாக இருக்கலாம்.
- எஞ்சின் ஒயில் பால் தேநீரின் நிறத்தில் இருந்தால் ஒயிலுக்குள் தண்ணீர் இறங்குகிறது. அந்த வானை விட்டுவிடுங்கள்.
- அரை மணித்தியாலமாவது ஓடிப் பாருங்கள். வெப்பமானியின் முள் நடுவை அண்டி நிலையாக நிற்க வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் வயரைக் கழற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஓடும்போது முள் ஏறினால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடுங்கள். சூடான நிலையில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆட்கள் அவசரப்படுகிறார்கள் என்று அடுத்த சந்தி வரை ஓட வேண்டாம். அந்தச் சில கிலோமீற்றர்களே ஒரு மாத உழைப்பைத் தின்றுவிடும்.

2. ரைமிங் பெல்ட்

ஹயேஸின் 3 எல் எஞ்சின், லைற் ஏஸின் 2 சி எஞ்சின், டெலிக்காவின் 4 டி 56 எஞ்சின் ஆகியவற்றுக்குள் ரைமிங் பெல்ட் இருக்கிறது. இது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளையும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த இடத்திலேயே நிற்கும். ரொயோட்டா டீசல் எஞ்சின்களில் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை இதை மாற்ற வேண்டும். நிசான் கரவானில் வரும் ரீ.டி. 27 எஞ்சினில் பெல்டுக்குப் பதிலாகப் பற்சக்கரங்கள் உள்ளன.

பழைய வானின் மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்ப முடியாது. சில ரொயோட்டா வான்களில் பெல்ட் மாற்றும் காலம் வந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும். அதையும் பெல்ட் மாற்றாமலே அணைத்துவிடலாம். ஆகவே எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்கெடுங்கள். வானை வாங்கியதும் செய்யும் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். பெல்டுடன் அதன் ரென்சனர் பெயாரிங்கையும் முன்பக்க ஒயில் சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள். சீல் ஒழுகினால் ஒயில் பட்டுப் புதிய பெல்டும் கெட்டுவிடும்.

மாற்றினால் நடுத்தரச் செலவு. அறுந்த பின் திருத்தினால் பெரிய செலவு.

3. புகையும் டீசல் பம்பும்

புகையின் நிறம் எஞ்சினின் நிலையைச் சொல்லும்.

கறுப்புப் புகை: டீசல் முழுமையாக எரியவில்லை. முதலில் எயார் பில்ரரைப் பாருங்கள். கிரவல் வீதிகளில் ஓடும் வானில் அது விரைவில் அடைத்துவிடும். மாற்றுவது சிறிய செலவு. அது சரியென்றால் நொசில்களைச் சோதிக்க வேண்டும். அது நடுத்தரச் செலவு.

நீலப் புகை: எஞ்சின் ஒயில் எரிகிறது. வால்வு சீல் மட்டும் என்றால் நடுத்தரச் செலவு. பிஸ்டன் றிங் தேய்ந்திருந்தால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். அது பெரிய செலவு. எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை பலமாக அடித்தால் றிங் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெள்ளைப் புகை: குளிரில் ஸ்ராட் செய்ததும் சிறிது நேரம் வந்து நின்றால் பயமில்லை, ஹீற்றர் பிளக் ஒன்றிரண்டு பழுதாக இருக்கலாம். அது சிறிய செலவு. சூடான பின்னரும் தொடர்ந்து வந்து, றேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் ஹெட்டைச் சந்தேகியுங்கள்.

இந்த எஞ்சின்களின் டீசல் பம்ப், தன்னுள் ஓடும் டீசலின் வழுவழுப்பினாலேயே தேயாமல் இருக்கிறது. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. மலிவு என்று மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வானின் பம்ப் உள்ளே தேய்ந்திருக்கும். சூடான பின் ஸ்ராட் எடுக்கச் சிரமப்படும். பம்ப் வேலை பெரிய செலவு. வீதியோரத்தில் போத்தலிலும் கானிலும் விற்கும் டீசலை வாங்க வேண்டாம். டீசல் பில்ரரின் அடியில் தேங்கும் தண்ணீரைக் கிழமைக்கு ஒரு தடவை திறந்துவிடுங்கள். அதற்குச் செலவே இல்லை.

4. கிளச்சும் கியரும்

ஏற்றத்திலோ பாரத்துடனோ எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாமல் இருந்தால் கிளச் பிளேற் தேய்ந்துள்ளது. கியர்பெட்டியை இறக்கியே இதை மாற்ற வேண்டும் என்பதால் கூலியும் சேர்ந்து நடுத்தரச் செலவாகும். பிளேற், பிரஷர் பிளேற், றிலீஸ் பெயாரிங் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றி, சில மாதங்களில் மற்றது போனால் அதே கூலியை மீண்டும் கொடுக்க வேண்டிவரும்.

ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் கியர்த் தடி உள்ள டொல்பின் வான்களில் கியர் சரியாக விழாமல் இருப்பது அடிக்கடி நடக்கும். உடனே கியர்பெட்டி போய்விட்டது என்று எண்ண வேண்டாம். தடியிலிருந்து கியர்பெட்டிக்குச் செல்லும் கம்பிகளின் புஷ்கள் தேய்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். புஷ் மாற்றுவது சிறிய செலவு. கியர்பெட்டியைக் கழற்ற முன் இதைப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

5. பிறேக்

இதில் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம். வானுக்குள் இருப்பவர்கள் ஊரின் பிள்ளைகள்.

பிறேக் மிதியை அழுத்தியபடி ஒரு நிமிடம் வைத்திருங்கள். மிதி மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்ரர் சிலிண்டரிலோ சில்லுச் சிலிண்டர்களிலோ ஒழுக்கு இருக்கிறது. சில்லுகளின் உட்பக்கத்தில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இறப்பர் கப் மாற்றுவது சிறிய செலவு. சிலிண்டர் மாற்றுவது நடுத்தரச் செலவுக்குள் வரும். பிறேக் ஒயில் குறைந்தால் வேறு எந்த ஒயிலையும் ஊற்றக்கூடாது. இறப்பர்கள் ஊதி, பிறேக் முழுவதும் பழுதாகும்.

ரொயோட்டா டீசல் வான்களில் பிறேக்கை இலகுவாக்கும் வெற்றிடப் பம்ப், ஓல்ரனேற்றரின் பின்புறத்தில் பூட்டப்பட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டுமே அது வேலை செய்யும். டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்திவிட்டு உருள விட்டால், இரண்டு மூன்று தடவை மிதித்ததும் மிதி கல்லாகிவிடும். அப்படி ஒருபோதும் ஓட வேண்டாம். எஞ்சின் ஓடும்போதே மிதி கடினமாக இருந்தால் அந்தப் பம்பையும் அதன் குழாயையும் பாருங்கள்.

6. ஸ்ரியறிங், சில்லு, ரயர்

ஏ9 வீதியை விட்டு உள் வீதிகளில் இறங்கியதும் வானின் முன்பக்கம் அடி வாங்கத் தொடங்கும். போல் ஜொயின்ற், ரை றொட் என்ட், ஷொக் அப்சோபர், புஷ் என்பன முதலில் தேயும். முன் சில்லை ஜாக்கியில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு இரு பக்கங்களிலும் பிடித்து ஆட்டுங்கள். தளர்வு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். ஒன்றொன்றாகச் சிறிய செலவு. எல்லாம் சேர்ந்தால் நடுத்தரச் செலவு. போல் ஜொயின்ற் கழன்றால் ஓட்டத்திலேயே சில்லு மடங்கிவிடும்.

ரயரின் பக்கத்தில் உள்ள இலக்கங்களில் கடைசி நான்கும் அது செய்யப்பட்ட கிழமையையும் ஆண்டையும் குறிக்கும். 2308 என்றால் 2008ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. கட்டை நன்றாக இருந்தாலும் பக்கங்களில் வெடிப்பு இருந்தால் அந்த ரயர் வேண்டாம். மீள்கட்டை போட்ட ரயரை முன் சில்லுகளில் பூட்ட வேண்டாம். முன் ரயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லுக் கோணம் பிழை; புதிய ரயர் போடும் முன் அதைச் சரி செய்யுங்கள்.

7. துரு

முல்லைத்தீவு, மன்னார் போன்ற கரையோரப் பகுதிகளில் ஓடிய வானும் மீன் ஏற்றிய வானும் உள்ளே துருப்பிடித்திருக்கும். புதுப் பெயின்றைக் கண்டு மகிழ வேண்டாம். சிறிய காந்தம் ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை. பூட்டி மட்டுமே உள்ளது. தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். படி, சறுக்குக் கதவின் தண்டவாளம், பின் வில்லுத்தகடுகள் பூட்டும் இடம் ஆகியவற்றைக் கீழே படுத்துப் பாருங்கள். கதவும் படியும் டிங்கர் வேலையுடன் முடியும். வில்லுத்தகடு பூட்டும் இடம் உக்கியிருந்தால் அந்த வானை வாங்க வேண்டாம்.

8. நீண்ட காலம் நின்ற வான்

இடம்பெயர்ந்த காலத்தில் ஆண்டுக்கணக்கில் வெளியில் நின்ற வான்களும் இப்போது விலைக்கு வருகின்றன. சிலர் தமது சொந்த வானையே அப்படி மீளப் பெறுகிறார்கள். அதைத் தள்ளி ஸ்ராட் செய்ய வேண்டாம். முதலில் பழைய டீசலை வடித்துத் தாங்கியைக் கழுவுங்கள். எஞ்சின் ஒயிலையும் பில்ரர்களையும் மாற்றுங்கள். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்து, இறுகவில்லை என்று உறுதி செய்த பின்னரே ஸ்ராட் செய்யுங்கள். வயர்களை எலி கடித்திருக்கும். பிறேக் இறப்பர்கள், பெல்டுகள், ரயர்கள், பற்றறி ஆகிய எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கெடுங்கள்.

இத்தகைய வான்களுக்கு ஆவணங்களே பெரிய பிரச்சினை. எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ளவற்றுடன் பொருந்த வேண்டும். புத்தகத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கேளுங்கள். பலர் கைமாறிய, பெயர் மாற்றாத ‘ஓப்பன் பேப்பர்’ வானை வாங்கினால் பின்னர் பதிவில் உள்ளவரைத் தேடி அலைய வேண்டிவரும். புத்தகம் இல்லாத வானுக்கு முற்பணமும் கொடுக்க வேண்டாம்.

ஒரு கணக்கு

பின்வரும் எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

டீசல் செலவு போக நாளொன்றுக்கு 2,500 ரூபா மிஞ்சுகிறது. மாதம் 22 நாட்கள் ஓட்டம் என்று கொள்வோம். மாத வருமானம் 55,000 ரூபா. கடன் தவணை 25,000. வீட்டுச் செலவு 18,000. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் என்பவற்றுக்காக மாதம் 2,000. மீதி 10,000 ரூபா. இந்த 10,000 இலாபம் போலத் தெரியும். ஆனால் மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடினால், அது கிலோமீற்றருக்கு 4 ரூபா. ரயர், கிளச், பெல்ட், ஒயில் எல்லாம் அந்த 4 ரூபாவுக்குள்ளிருந்தே வர வேண்டும். இதை வேறு கணக்கில் போட்டு வையுங்கள்.

இனி, ஹெட் வெடித்து வான் 10 ஓட்ட நாட்கள் கராஜில் நிற்கிறது என்று வைப்போம். மெக்கானிக்கின் பில் ஒரு பக்கம் இருக்க, ஓடாத நாட்களால் மட்டும் 25,000 ரூபா இல்லை. அது முழுதாக ஒரு மாதத் தவணை. பில்லில் வராத இந்தச் செலவைப் பலர் கணக்கெடுப்பதில்லை. பழுது வரும் முன் ஒரு நாள் நிறுத்தி வேலை செய்வது இதனாலேயே மலிவு.

வாங்கும்போதும் இதே எண்ணம் வேண்டும். கையில் 10 இலட்சம் இருந்தால் 8 இலட்சத்துக்குள் வானைத் தேடுங்கள். மிச்சம் 2 இலட்சம் பெயர் மாற்றம், காப்புறுதி, ரைமிங் பெல்ட், ஒயில், பிறேக், ரயர் ஆகியவற்றுக்கு. முழுவதையும் விலையாகக் கொடுத்தவர், முதற் பழுதுக்கே வட்டிக்குக் காசு எடுக்க வேண்டியிருக்கும்.

கராஜில் கேட்க வேண்டியவை

- வேலை தொடங்கும் முன் உதிரிப்பாகம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.
- எதிர்பாராத வேலை வந்தால் உங்களைக் கேட்ட பின்னரே செய்யச் சொல்லுங்கள்.
- கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள்.
- பெரிய வேலைக்கு இரண்டு கராஜ்களில் விலை கேளுங்கள்.
- ஹெட் வேலை என்றால், லேத்தில் முகம் சீவும் முன் வெடிப்பு உண்டா என்று அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வெடித்த ஹெட்டைச் சீவிப் பூட்டினால் கூலி வீண்.

எல்லாப் பாகத்தையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. கியர்பெட்டி, ஓல்ரனேற்றர், ஸ்ராட்டர், கதவு, கண்ணாடி போன்றவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் அல்லது அருகிலுள்ள நகரில் பாவித்ததாக வாங்கலாம். மாற்றித் தரும் உத்தரவாதத்தை பில்லில் எழுதச் சொல்லுங்கள். பிறேக் இறப்பர், பிறேக் லைனர், ரைமிங் பெல்ட், போல் ஜொயின்ற், கிளச் பெயாரிங் ஆகியவற்றைப் பாவித்ததாக ஒருபோதும் வாங்க வேண்டாம்.

தினமும் ஐந்து நிமிடம்

காலையில் ஸ்ராட் செய்யும் முன் பாருங்கள்: எஞ்சின் ஒயில், றேடியேற்றர் தண்ணீர், பிறேக் ஒயில், ரயர்க் காற்று, வான் நின்ற இடத்தில் நிலத்தில் ஒழுக்கு. பிறகு சிறிய கொப்பி ஒன்றில் திகதி, மீற்றர் இலக்கம், ஊற்றிய டீசல், செய்த வேலை, கொடுத்த காசு ஆகியவற்றை எழுதுங்கள். இந்தக் கொப்பி அடுத்த பெல்ட் எப்போது என்று சொல்லும்; வான் உழைக்கிறதா, உங்கள் உழைப்பை அது தின்கிறதா என்றும் காட்டும். மூன்று மாதம் தொடர்ந்து கிலோமீற்றருக்கு ஒதுக்கியதை விடச் செலவு கூடினால், அடுத்த பெரிய பழுதுக்குக் காத்திராமல் விற்பதைப் பற்றிக் குடும்பமாகப் பேசுங்கள். பின்னர் விற்கும்போது, பில்களுடன் கூடிய இந்தக் கொப்பியைக் காட்டக்கூடிய வானுக்கே நல்ல விலை கிடைக்கும்.

வானைப் பார்க்கப் போகும்போது விற்பவருக்குத் தெரிந்தவரைத் தவிர்த்து, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியே இந்தத் தொழிலில் நீங்கள் போடும் முதலாவது முதலீடு.